பெரியம்மாவுக்கு ஒரு கையெழுத்து

விமானப் படையில் கால் நூற்றாண்டு குப்பை கொட்டிய அதிகாரிக்கு விமானத்தில் ஏறப் பயம் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆக வேண்டும். பூட்டு மேடத்துக்குப் பயம். லேசாகப் படபடத்து அடங்கிவிடுகிற பயம் அல்ல. வயிற்றைக் கலக்கி, உள்ளங்கையை ஈரமாக்கி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைக்கிற அசல் பயம். பயிற்சிக் காலத்தில் முதன்முதலாக வானத்துக்குக் கூட்டிப்போனபோது தன் தொப்பியிலேயே வாந்தியெடுத்து, அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கி நடந்தவர் அவர். அன்றிலிருந்து இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவருக்குத் தெரிந்தவரை விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய கணவர். அவர் வீட்டிலேயே கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர். பயந்தவர்களை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர் என்பதால் கிண்டல் செய்யமாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். விமானத்தை ஓட்டுவது வேறு, ஓடவைப்பது வேறு. மேடம் ஓடவைக்கிற கூட்டத்துக்குத் தலைவி. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதிலிருந்து, டயர், எண்ணெய், திருகாணி என்று எது எந்தக் கிடங்கில் பதுங்கியிருந்தாலும் தேடிப் பிடித்து, கெஞ்சியோ மிரட்டியோ வரவழைப்பது வரை எல்லாம் அவர் தலையில். ஓட்டுகிற விமானிகளை, விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் இருப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார் என்பார்கள். பெண் வீட்டார் முதுகு ஒடிய வேலை செய்து, எல்லாம் தயார் செய்து, கை கட்டி நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு கீறல் இருக்கே" என்பார்கள்.

பெண் வீட்டாரோடு நின்றிருந்தால் மேடத்துக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனால் அந்தப் படைப்பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வேலை பார்த்த விமானம் முதல்தடவை பறக்கும்போது, "இது பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போட்டவரும் அதில் ஏறியாக வேண்டும். நீ சரி என்று சொன்னாயா, வா, உட்கார். அவ்வளவுதான் வழக்கம். இதை ஆரம்பித்துவைத்த புண்ணியவான் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தாத நாளில்லை. ஆனாலும் ஏறுவார். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்குப் போகிறவர் மாதிரி விமானத்தை நோக்கி நடப்பார். கை நடுங்குவது வெளியே தெரியாது.

பூட்டு என்ற பெயர் வந்தது வேறு விஷயத்தில். கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை அதில் கறுப்பாக வரைந்திருக்கும். ஸ்பேனரின் நிழலில் ஸ்பேனர், சுத்தியலின் நிழலில் சுத்தியல். சாயங்காலம் ஒரு நிழல் காலியாக இருந்தால்கூடக் கதவு திறக்காது, ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. விமானத்துக்குள் மறந்துபோன ஒரு திருப்புளி, விமானத்தையே கீழே தள்ளிவிடும். ஒருமுறை ஒரு சின்னத் திருப்புளிக்காக மேடம் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டார். கடைசியில் அது ஒருத்தருடைய சாப்பாட்டு டப்பாவுக்குள் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெயர்.

பலகை மட்டுமா? விமானத்துக்குள் நுழைகிறவர்கள் பையிலிருக்கும் பேனா, சீப்பு, சில்லறை, கைப்பேசி எல்லாவற்றையும் வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதற்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் மேடம் போட்ட சட்டம். கயிறு கழுத்தை அரிக்கிறது என்று சொன்னவர்களிடம், "அரிச்சா சொறிஞ்சுக்கோங்க" என்று சொன்னவரும் அவரே.

ஆரம்பத்தில் அவர் இவ்வளவு கறாரான ஆளாக இருக்கவில்லை. கிடங்குப் பொறுப்பில் இளம் அதிகாரியாக இருந்தபோது, சக்கரத்துக்கு ரப்பர் வளையம் வேண்டும் என்று கேட்டு எழுதினார். பொருளின் எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போனது. லாரி லாரியாக ரப்பர் படகுகள் வந்து இறங்கின. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒரு குட்டைகூடக் கிடையாது. அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர் எங்கே போனாலும், "கரையேறிட்டீங்களா மேடம்?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார். அந்தப் படகுகள்தான் அவரை ஒன்றுக்கு மூன்றுதடவை சரிபார்க்கிற ஆளாக மாற்றின.

அடுத்த மாதம் அவருக்குத் தலைமையகத்தில் மேசை வேலை. உயர்ந்த பதவி. அங்கே ஏற வேண்டியது லிஃப்ட் ஒன்றில்தான். உத்தரவு வந்த அன்று கணவர் இனிப்பு வாங்கி வந்தார். பதவிக்காக இல்லை, லிஃப்டுக்காக. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. பெரியம்மாவுக்கு.

பெரியம்மா என்பது ஒரு விமானம். சரக்கும் ஆளும் ஏற்றுகிற, வயிறு பெருத்த, இரண்டு எஞ்சின் வைத்த பழைய உருப்படி. கொட்டகையின் கடைக்கோடியில் நிற்கும். போன வருடம் எஞ்சின் கோளாறு என்று வந்து நின்றபோது, வேறொரு விமானத்துக்கு அவசரமாக ஒரு எரிபொருள் பம்ப் தேவைப்பட்டது. கிடங்கில் இல்லை. "பெரியம்மாகிட்டேருந்து கழட்டிப் போடுங்க. ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் மேடம். அதுதான் ஆரம்பம். அப்புறம் ஒரு சக்கரம் போனது. ஜன்னல் கண்ணாடி போனது. திசைகாட்டி போனது. நாற்காலி போனது. யாருக்கு எது இல்லையென்றாலும் "பெரியம்மாகிட்ட கேளு" என்று ஆகிவிட்டது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் தங்கை பிள்ளைகளுக்கே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, எலும்பும் தோலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள் பெரியம்மா. மற்ற விமானங்கள் எல்லாம் அவளுடைய உறுப்புகளோடு ஜம்மென்று பறந்தன.

இப்படி நிற்பதற்கும் ஒரு கெடு உண்டு. ஒரு வருடம் பறக்காமல் நிற்கிற விமானத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. முதல் பம்பைக் கழற்றச் சொன்னது தன் வாய்தானே என்ற குற்றவுணர்ச்சி அவரை அரித்தது. ஆறு மாதமாக நாட்டிலுள்ள கிடங்கையெல்லாம் தொலைபேசியிலேயே துழாவி, ஒவ்வொரு உறுப்பாகத் திரும்பச் சேர்த்தார். பெரியம்மா மெல்ல மெல்லத் தேறினாள். நேற்றுச் சாயங்காலம் கடைசி வேலையும் முடிந்தது. வால் பகுதிக்குள் மேடமே தவழ்ந்து போய், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற கேபிள்கள் ஓடும் கப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். இன்றைக்குக் கெடுவின் கடைசி நாள். சூரியன் மறைவதற்குள் பெரியம்மா ஒரு சுற்றுப் பறந்து இறங்கிவிட்டால் பிழைத்தாள். இல்லையென்றால் நாளை அவளுக்குச் சங்குதான்.

சங்கு ஊதுவதற்கென்றே தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். போகிற இடத்தில் எல்லாம் விமானங்களைக் கணக்கிலிருந்து வெட்டுகிறவர் என்பதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். ஒடிசலான உருவம். எதிலும் சாயமாட்டார், எதற்கும் சிரிக்கமாட்டார். கொட்டகை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

மதியம் தாண்டியதும் பெரியம்மாவை வெளியே இழுத்து நிறுத்தினார்கள். மேசை மேல் படிவம் தயாராக இருந்தது. மேடம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப்பையில் கையை விட்டார். இல்லை. மறு பையிலும் இல்லை. தலைமேல் தடவினார். அங்கேயும் இல்லை.

கண்ணாடியைக் கடைசியாக எங்கே போட்டிருந்தார்? வாலுக்குள், கப்பியின் பக்கத்தில் இருந்த சின்ன அட்டையைப் படிக்கும்போது. அதற்கப்புறம் வீட்டில் போட்டாரா? வேலை முடிந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய்ப் படுத்ததுதான் தெரியும், விடிந்ததுதான் தெரியும். கயிறு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. போன வாரம் கண்ணாடியின் கால் கீல் திருகு விழுந்துவிட, தலைமை மெக்கானிக் அதை விமானத் திருகுகளுக்குப் போடுகிற மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கம்பி கட்டிய இடத்தில் கயிறு மாட்ட வரவில்லை. புதுக் கண்ணாடி வருகிறவரை நாலு நாள்தானே என்று மேடம் கயிறில்லாமலே போட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவர்.

அந்தத் தலைமை மெக்கானிக்கை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். "ஒரு நிமிஷம் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, மேடம் அலுவலக அறைக்கு ஓடி வீட்டுக்குத் தொலைபேசினார்.

"என்னங்க, என் கண்ணாடி வீட்ல இருக்கா பாருங்க. சீக்கிரம்."

"நாற்காலியில ஆள் இருக்காரும்மா. பாதி வேலைல வாயைத் திறந்துக்கிட்டு இருக்காரு."

"அவரு கொஞ்சம் திறந்தே வச்சிருக்கட்டும். இது அவசரம்."

தொலைபேசியில் அலமாரிகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. "மெத்தைக்கு அடியில இல்ல... ஃபிரிட்ஜ் மேல இல்ல..." என்று கணவர் நேர்முக வர்ணனை செய்துகொண்டே போனார். தூரத்தில் வாய் திறந்த மனிதர் ஏதோ முனகினார்.

"கிடைச்சுடுச்சு! மேசை இழுப்பறையிலதான் இருக்கு. கால் லூசாயிடுச்சுன்னு போன வாரம் பூரா பொலம்புனியே, ஒண்ணும் ஆகலையே. கிண்ணுனு இருக்கு."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க."

"ஏறப்போறியா?"

"ம்."

"கண்ணை மூடிக்க. எல்லாம் முடிஞ்சதும் உன்னை எழுப்புவாங்க. என் பேஷண்டுங்ககிட்ட நான் சொல்றதுதான்."

மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேஸ்திரியின் வட்டக் கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு படிவத்தைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். பையிலிருந்ததையெல்லாம் தட்டில் போட்டார். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் ஏறினார்கள்.

ஓட்ட வந்திருந்தவர் மாப்பிள்ளை வீட்டாரிலேயே மூத்தவர். எல்லாருக்கும் அவர் பெரிய மாப்பிள்ளை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்தன. பெரியம்மா ஒருதரம் குலுங்கி, ஒரு வருடத்துக்கப்புறம் தன் சொந்தக் காலில் நகர்ந்தாள். காதுக்கருவியில் பெரிய மாப்பிள்ளையின் குரல் வந்தது. "கன்ட்ரோல் எல்லாம் ஆட்டிப் பார்த்துட்டேன். வெண்ணெய் மாதிரி போகுது. பெண் வீட்டாருக்குப் பாராட்டுகள்."

மேடம் கணவர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய குரலையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கிடைச்சுடுச்சு. இழுப்பறையிலதான் இருக்கு. கால் கிண்ணுனு இருக்கு.

கிண்ணென்று இருக்கிறதா?

கம்பி கட்டிய கால் எப்படிக் கிண்ணென்று இருக்கும்? கம்பி கட்டியிருப்பது கண்ணில் படாமல் போகுமா? பல் டாக்டர் கம்பியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? அது பழைய கண்ணாடி. போன வருடம் மாற்றியது. நல்ல கண்ணாடி வீட்டில் இல்லை.

மேடம் கண்ணைத் திறந்தார். பெரியம்மா ஓடுபாதையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தச் சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. ஏனென்றால் உள்ளே இன்னொரு குரல் சிரித்தது. கால் நூற்றாண்டாக இறங்குவதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறாய், இன்றைக்கு அருமையாக ஒன்று மாட்டியிருக்கிறது, பிடித்துக்கொள் என்றது. கன்ட்ரோல் வெண்ணெய் மாதிரி போகிறது என்று ஓட்டுகிறவரே சொல்கிறார். கண்ணாடி காரில் கிடக்கலாம், குளியலறையில் கிடக்கலாம். இது பயமா, அறிவா? அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இதுதான்: நிறுத்தினால், மறுபடி வாலைத் திறந்து, பார்த்து, மூடுவதற்குள் பொழுது போய்விடலாம். பெரியம்மாவைக் கத்தரிக்கோலிடம் கொடுத்தது தன் கைதான் என்று ஆகிவிடும். நிறுத்தாவிட்டால், வாலுக்குள் கண்ணாடி இருந்து, மூக்கு மேலே தூக்கும்போது அது சரிந்து கப்பியில் மாட்டினால்...

முன்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் பின்னந்தலை தெரிந்தது. முடி நரைத்திருந்தது, சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. அந்த மனிதருக்கு வீட்டில் பிறந்து முகம்கூடத் தெளியாத ஒரு பேத்தி.

மேடம் பொத்தானை அழுத்தினார். "நிறுத்துங்க."

"மேடம்?"

"விமானத்தை நிறுத்துங்க. என் மூக்குக்கண்ணாடி வால்ல கிடக்குதுன்னு நினைக்கிறேன். நேத்து நான்தான் விட்டிருக்கணும். கயிறு கட்டல."

"நினைக்கிறீங்களா, தெரியுமா மேடம்?" என்றார் பெரிய மாப்பிள்ளை. "இன்னைக்கு விட்டா..."

"எனக்கும் தெரியும், இன்னைக்கு விட்டா என்ன ஆகும்னு. திருப்புங்க."

பெரியம்மா திரும்பிக் கொட்டகை வாசலுக்கே வந்து நின்றாள். எஞ்சின் ஓய்ந்தது. மேடம் இறங்கும்போது கைகள் வெளியே இருந்தன. திணித்துக்கொள்ள மறந்துவிட்டார். அவை நன்றாகவே ஆடின. கத்தரிக்கோல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன கோளாறு?"

எஞ்சின் சூடு அதிகம் என்று சொல்லியிருக்கலாம். எண்ணெய் அழுத்தம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டார்கள்.

"கோளாறு நான்தான் சார்" என்றார் மேடம். "கண்ணாடியை உள்ள விட்டுட்டு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கத்தரிக்கோல் அவருடைய கைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

மேஸ்திரியின் ஆட்கள் வால் மூடியைக் கழற்றத் தொடங்கினார்கள். மேடம் உள்ளே போக முன்வந்தபோது மேஸ்திரி தடுத்தார். "கண்ணாடியில்லாம போய் என்ன தடவப்போறீங்க? நான் போறேன்." தன் வட்டக் கண்ணாடியைக் கயிற்றோடு சரிசெய்துகொண்டு, டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தார். வெளியே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது.

மேடம் காத்திருந்தார். கண்ணாடி உள்ளே இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வதா, இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வதா? இருந்தால் நேற்று முட்டாள்தனம் செய்தவர். இல்லாவிட்டால் இன்றைக்குக் கோழை. முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பெரிய மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

பூட்ஸ் பின்னோக்கி வெளியே வந்தது. அப்புறம் முதுகு. அப்புறம் தலை முழுக்கத் தூசியோடு மேஸ்திரி. நீட்டிய கையில் கண்ணாடி. கம்பி முறுக்கிய கால் அப்படியே இருந்தது.

"கப்பிக்கு ஒரு விரல் தள்ளி முன்னால" என்றார். "குறுக்குச் சட்டத்து மேல உக்காந்திருக்கு. தரையில ஆட்டிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. மூக்கு தூக்கியிருந்தா, பின்னால சரிஞ்சு நேரா கப்பிக்குள்ள. இறங்கவே விட்டிருக்காது."

பெரிய மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியை மறுபடி கழற்றினார். இந்தமுறை மாட்டவில்லை. "வெண்ணெய்னு சொன்னேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

மேடம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அத்தனை பேரும் உயிரோடு சுற்றி நின்றார்கள். அந்த நிம்மதிக்கு முன்னால் மானம், மரியாதை, பதவி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு சொல்லிடுறேன்" என்றார். "எனக்குப் பறக்கப் பயம். எப்பவுமே பயம். இன்னைக்கு நிறுத்தச் சொன்னப்போ அது கண்ணாடிக்காகவா, பயத்துக்காகவான்னு எனக்கே தெரியல."

மேஸ்திரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அது தெரியும் மேடம்."

"எது?"

"நீங்க பயப்படுறது. ஏறப் போறப்போ ரெண்டு கையும் பையில இருக்கும். இறங்கினதும் வெளியில வரும். கொட்டகையில எல்லாருக்கும் தெரியும், எத்தனை வருஷமா பார்க்கிறோம்." தூசியைத் தட்டிக்கொண்டார். "நீங்க லீவுல இருந்தப்போ வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டாரு. பயமே இல்லாத மனுஷன். விசிலடிச்சுக்கிட்டே ஏறுனாரு. அன்னைக்கு ஏற எங்களுக்குத்தான் வயித்தைக் கலக்குச்சு. நீங்க பார்த்த விமானம்னா நாங்க பாட்டுக்கு ஏறி உக்காந்துக்குவோம்."

இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை ஊரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

"இன்னும் வெளிச்சம் இருக்கு" என்றது ஒரு குரல். கத்தரிக்கோல். "மூட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கை தட்டுறதுக்குள்ள ஆயிடும்" என்று மேஸ்திரி எழுந்தார்.

ஆட்கள் பறந்தார்கள். வால் மூடி ஏறியது. ஒவ்வொரு திருகாக மேஸ்திரி தொட்டுப் பார்த்தார். மேடம் தன் சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் மறுபடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பழைய கையெழுத்தை அடித்துவிட்டுப் புதுக் கையெழுத்துப் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தட்டில் போட்டார். அப்போது இன்னொரு கை அதே தட்டில் ஒரு பேனாவையும் சாவிக்கொத்தையும் போட்டது. நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோல் தன் சட்டைப்பையை வெளியே இழுத்து, காலி என்று காட்டினார்.

"ஒரு இடம் இருக்குமா மேடம்?"

"நீங்களா சார்? நீங்க வெட்ட வந்தவராச்சே."

"வெட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை உக்காந்து பார்க்கக் கூடாதா? இப்பதான் நல்லாப் பார்த்திருக்கீங்களே" என்றார் அவர். அது சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவர் உதட்டில் வந்து போனது.

பெரியம்மா இந்தமுறை ஓடுபாதையின் முனையில் நின்று, மூச்சைப் பிடித்து, ஓடினாள். மேடம் இரண்டு கைகளாலும் இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கைகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஆடின. ஆடட்டும் என்று விட்டுவிட்டார். தரை விலகியது. பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் அதை மறைக்கிற வேலை இல்லாததால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே வீடுகளின் கூரைகள் தெரிந்தன. அவற்றில் ஏதோ ஒன்றின் கீழே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது, அவருக்கு வானத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. பெரிய மாப்பிள்ளை ஒரு வட்டம் அடித்து, பஞ்சு மெத்தையில் வைப்பது போலப் பெரியம்மாவைத் தரையில் வைத்தார். சூரியன் இன்னும் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இறங்கியதும் மேடம் கணவரைக் கூப்பிட்டார். "இறங்கிட்டேன்."

"எழுப்பினாங்களா?"

"தூங்கவே இல்லைங்க. இழுப்பறையில இருக்கிற அந்தக் கண்ணாடியை முதல்ல தூக்கிக் குப்பையில போடுங்க. ஏன்னு வீட்டுக்கு வந்து சொல்றேன். உக்காந்து கேக்கணும்."

கொட்டகையில் சாயங்காலக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்த்தார். கடைசி ஆணியில் ஒரு புது நிழல். யாரோ அவசரமாக மார்க்கரால் வரைந்திருந்தார்கள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம், ஒரு காலில் கம்பி முறுக்கு. ஆணியில் ஒரு கயிறு தொங்கியது.

"கண்ணாடி?" என்றார் மேஸ்திரி, பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மேடம் தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் நிழலின் மேல் மாட்டினார்.

"இருக்கு."

"அப்ப எல்லாம் இருக்கு மேடம்" என்றார் மேஸ்திரி. "கதவைத் திறங்கப்பா. வீட்டுக்குப் போகலாம்."